நுரையீரலில் தங்கும் மருந்து பாலுக்கும் முட்டைக்கும் ஏன் வருகிறது? கால்நடைகளுக்கான மேக்ரோலைடுகள்: ஒரு விளக்கம்

பாலில் ஆன்டிபயாட்டிக், முட்டையில் ஆன்டிபயாட்டிக் என்று செய்தி வரும்போதெல்லாம் எல்லா மருந்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசிவிடுகிறோம். நைட்ரோஃபியூரான் வகை மருந்தும் டைலோசினும் ஒன்றல்ல. உணவுக்காக வளர்க்கும் பிராணிக்கு முன்னதைக் கொடுக்கவே கூடாது என்று இந்தியா உட்படப் பல நாடுகள் விலக்கிவைத்திருக்கின்றன. பின்னதைக் கால்நடை மருத்துவரின் சீட்டோடு சட்டப்படி கொடுக்கலாம். கொடுத்தபின் எத்தனை நாள் பாலையும் முட்டையையும் விற்கக் கூடாது என்ற கணக்குதான் அதில் முக்கியம். அந்தக் கணக்கு மருந்துக்கு மருந்து, பிராணிக்குப் பிராணி மாறும். ஏன் மாறுகிறது என்பதை டைலோசின் பிறந்த மேக்ரோலைடு குடும்பத்தை வைத்தே பார்த்துவிடலாம். இந்தக் குடும்பத்தின் பலமும் தொல்லையும் ஒரே குணத்திலிருந்து வருபவை.

பெயருக்குள் இருப்பது

லாக்டோன் எனப்படும் ஒரு பெரிய வளையம், அதிலிருந்து தொங்கும் ஒன்றிரண்டு சர்க்கரை மூலக்கூறுகள். மேக்ரோலைடின் உருவம் இவ்வளவுதான். வளையத்தில் எத்தனை அணுக்கள் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள்.

1. 14 அணு வளையம்: எரித்ரோமைசின்.
2. 15 அணு வளையம்: மனிதர்களுக்கான அசித்ரோமைசின், கால்நடைகளுக்கான காமித்ரோமைசின், டுலாத்ரோமைசின். வளையத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணுவைச் செருகி உருவாக்கியவை இவை.
3. 16 அணு வளையம்: டைலோசின், ஸ்பைராமைசின், டில்மிகோசின், டைல்வலோசின், டில்டிபிரோசின்.

எல்லாமே மண்ணிலிருந்து தொடங்கியவை. பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதி மண்ணை 1949இல் அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அதிலிருந்த நுண்ணுயிரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எரித்ரோமைசின் 1952இல் வெளிவந்தது. டைலோசினுக்குத் தாய்லாந்து மண். அங்கே கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் ஃப்ரேடியே என்ற நுண்ணுயிர் அதைச் சுரக்கிறது. எரித்ரோமைசின் மனித மருத்துவத்துக்குப் போனது, டைலோசின் கால்நடையோடு நின்றுகொண்டது. பிற்பாடு டைலோசினின் உருவத்தை மாற்றியமைத்துத்தான் டில்மிகோசினைச் செய்தார்கள்.

இடையில் ஒரு பெயர்க் குழப்பம். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டினும் பெரிய லாக்டோன் வளையம் கொண்டதுதான், மண் நுண்ணுயிரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது புழுக்கள், பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்து. ஆன்டிபயாட்டிக் என்ற பொருளில் பேசும் மேக்ரோலைடுகளில் அதைச் சேர்ப்பதில்லை.

பாக்டீரியாவுக்குள் நடப்பது

பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதங்களை ரைபோசோம் என்ற இயந்திரத்தில் செய்கிறது. அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டு, ஒரு குறுகிய சுரங்கம் வழியாகச் சங்கிலியாக வெளியேறும். மேக்ரோலைடு அந்தச் சுரங்கத்தின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முறுக்கு அச்சின் துளையில் உளுந்துத் தொலி சிக்கிக்கொண்டால் எப்படியோ அப்படி: மாவு கொஞ்சம் வந்து நின்றுவிடும். சில புரதங்கள் மட்டும் இடுக்கில் புகுந்து வெளியேறிவிடுகின்றன என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் பாக்டீரியா பெருகுவது நின்றுவிடும்.

பெருகுவது நிற்கும் என்றேனே தவிர, சாகும் என்று சொல்லவில்லை. வழக்கமான அளவில் மேக்ரோலைடுகள் பெரும்பாலும் வளர்ச்சியைத் தடுப்பவை, மிச்ச வேலையைப் பிராணியின் எதிர்ப்பு அணுக்கள்தான் முடிக்க வேண்டும். மெலிந்து, நீர் வற்றிக் கிடக்கும் கன்றுக்குப் போட்ட அதே ஊசி, தெம்புள்ள கன்றுக்குக் கொடுத்த பலனைத் தராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

எந்த நோய்க்கு இது உதவும், எதற்கு உதவாது என்பதும் இங்கிருந்தே தெரிந்துவிடும்.

1. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கு செல்சுவரே கிடையாது. பெனிசிலின் வகை மருந்துகள் சுவரைத் தாக்குபவை. சுவரே இல்லாத வீட்டில் அவற்றுக்கு என்ன வேலை? ரைபோசோமைத் தாக்கும் மேக்ரோலைடு இங்கே பலிக்கும். கோழிகளின் நாட்பட்ட சுவாச நோய்க்கும் (பண்ணைகளில் சி.ஆர்.டி. என்பார்கள்) வெள்ளாடுகளின் தொற்று நுரையீரல் நோய்க்கும் டைலோசின் எழுதப்படுவது இதனால்தான்.
2. மாடுகளின் சுவாச நோயை உண்டாக்கும் மான்ஹைமியா, பாஸ்டுரெல்லா கிருமிகளுக்கு டில்மிகோசின், டுலாத்ரோமைசின், காமித்ரோமைசின்.
3. ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளின் வெளிச்சவ்வு மேக்ரோலைடை எளிதில் உள்ளே விடாது. ஆகவே ஈ.கோலையால் கன்றுக்கு வரும் கழிச்சலுக்கு டைலோசின் போடுவது காசுக்குக் கேடு. கன்றுக்கு அப்போது வேண்டியது உப்புச்சர்க்கரைக் கரைசல்.

தங்கும் குணம்

மேக்ரோலைடு கொழுப்பில் கரையும், காரத்தன்மையும் கொண்டது. இரண்டும் சேர்ந்தால் உடலுக்குள் ஒரு பொறி அமைகிறது.

1. இரத்தத்தின் பி.எச். அளவு சுமார் 7.4, அதாவது லேசான காரம். அங்கே மருந்தில் ஒரு பகுதி மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு செல்லின் சவ்வைத் தாண்டிவிடும்.
2. தாண்டிப் போன இடம் அமிலத்தன்மை கூடியதாக இருந்தால் அது ஒரு புரோட்டானைப் பிடித்து மின்னூட்டம் பெறும்.
3. மின்னூட்டம் பெற்றது சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாது. உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.
4. இரத்தத்திலிருந்து மேலும் மருந்து வரும், அதுவும் சிக்கும். கடைசியில் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மருந்து அந்த இடத்தில் சேர்ந்துவிடுகிறது.

செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற பைகளின் பி.எச். 5 அளவுதான். நுரையீரலில் அலையும் விழுங்கணுக்களும் இரத்தத்தின் வெள்ளையணுக்களும் இந்தப் பைகளில் மேக்ரோலைடை நிரப்பிக்கொண்டு நோய் கண்ட இடத்துக்குச் சுமந்து போகின்றன. டுலாத்ரோமைசினை ஒரு மாட்டுக்கு ஒரே ஒரு முறை, கிலோ எடைக்கு 2.5 மி.கி. வீதம் போட்டால் போதும். இரத்தத்தில் தேடினால் சொற்பமாகத்தான் தெரியும்; நுரையீரலிலோ நாட்கணக்கில் இருக்கும். மந்தையில் ஒவ்வொரு மாட்டையும் தினமும் பிடித்துக் கட்டி ஊசி போட முடியாத பண்ணைகளுக்கு இது பெரிய வசதி. மருந்தின் விலையைவிட மாட்டைப் பிடிக்கும் பாடுதான் அங்கே அதிகம்.

இந்தப் பொறிக்கு நுரையீரல் எது, மடி எது என்று தெரியாது. பாலின் பி.எச். சுமார் 6.6, இரத்தத்தைவிட அமிலம். எனவே கழுத்தில் போட்ட ஊசியும் மடிக்கு வந்து அங்கே சேரும். டைலோசின், எரித்ரோமைசின் இரண்டும் இரத்தத்தைவிடப் பாலில் கூடுதலாகவே இருக்கும். மடிநோய்க்கு இது நல்லதுதானே என்று தோன்றும். ஓரளவு நல்லதுதான். ஆனால் மடி வீங்கிய மாட்டின் பால் காரப்பக்கம் நகர்ந்துவிடுவதால் பொறியின் பிடி தளர்கிறது. நோயில்லாத காம்பில் நன்றாகச் சேரும் மருந்து, நோயுள்ள காம்பில் அந்த அளவுக்குச் சேர்வதில்லை.

விலக்கு காலம்: கணக்கு எங்கிருந்து வருகிறது?

கடைசி வேளை மருந்துக்கும் பால், முட்டை, இறைச்சியை விற்பனைக்கு விடுவதற்கும் நடுவில் காத்திருக்க வேண்டிய நாட்களே விலக்கு காலம். எச்சம் பூச்சியமாகும்வரை என்பது இதன் பொருளல்ல. 'எச்ச உச்சவரம்பு' என்ற ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை என்பதே பொருள். டைலோசினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்குப் பாலில் 50, இறைச்சியில் 100, முட்டையில் 200 மைக்ரோகிராம்.

இந்தியாவில் 2012 ஜனவரியில் மருந்து விதிகளின் 97ஆம் விதி திருத்தப்பட்டது. உணவுக்கான பிராணிகளுக்குரிய மருந்தின் லேபிளில் விலக்கு காலம் அச்சிட்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் எதுவும் வகுக்கப்படாத மருந்தானால், குறைந்தது இவ்வளவு நாள்:

1. பால், முட்டை: 7 நாள்.
2. கோழி, ஆடு, மாடு இறைச்சி: 28 நாள்.
3. மீன்: 500 'டிகிரி நாள்'. தண்ணீரின் வெப்பத்தை நாட்களால் பெருக்கி வரும் எண் இது. 25 டிகிரித் தண்ணீரில் 20 நாள். குளிர்ந்த நீரில் மீனின் உடல் மெதுவாக இயங்கும், மருந்தும் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஒரே குடும்பத்துக்குள் விதிகள் எவ்வளவு வேறுபடுகின்றன பாருங்கள். குடிநீரில் கலக்கும் சில டைலோசின் தயாரிப்புகளுக்கு ஐரோப்பாவில் முட்டைக்கான விலக்கு காலம் பூச்சியம், ஏனென்றால் முட்டைக்கு வரும் எச்சம் வரம்பைத் தொடுவதில்லை. அதன் வழித்தோன்றலான டில்மிகோசினையோ, விற்பனைக்கு முட்டையிடும் கோழிக்கே கொடுக்கக் கூடாது. டுலாத்ரோமைசினை விற்பனைக்குப் பால் கறக்கும் மாட்டுக்குப் போடக் கூடாது. திசுக்களில் அதிக நாள் தங்கும்படி திருத்திச் செய்த மூலக்கூறுகளுக்குத்தான் தடைகள் கடுமையாக இருக்கின்றன.

முட்டைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளைக்கரு சில மணி நேரத்தில் உருவாகிவிடும். மஞ்சள்கருவோ கடைசிப் பத்து நாளில் அடுக்கடுக்காக வளர்கிறது. இன்று மருந்து குடித்த கோழியின் உடலில் அடுத்த வாரம் இடப்போகும் முட்டைகளின் மஞ்சள்கருக்களும் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கின்றன. மருந்தை நிறுத்திய மறுநாளே முட்டை தூய்மையாகிவிடும் என்று பொதுவாக எதிர்பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இதை நாமக்கல் போன்ற முட்டைப் பகுதியின் நடைமுறையில் வைத்துப் பார்க்கலாம். 50,000 கோழி உள்ள ஒரு கொட்டகை, 90 சதவீதம் முட்டையிடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 45,000 முட்டை. ஏழு நாள் விலக்கு என்றால் 3,15,000 முட்டை. சி.ஆர்.டி.யோ ஒரு தடவை மருந்து கொடுத்தால் ஒழிந்துபோகும் நோயல்ல. அறிகுறிகள் அடங்கினாலும் கிருமி மந்தையில் தங்கிவிடும். குளிரோ தூசியோ அம்மோனியா வாடையோ கூடினால் மறுபடி தலைதூக்கும். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். விதி தெரியாததால் அல்ல, மூன்று லட்சம் முட்டையைக் கொட்ட மனம் வராததால்தான் விலக்கு காலம் மீறப்படுகிறது என்று நினைக்கிறேன். கிருமியில்லாத தாய்க்கோழி மந்தை, தடுப்பூசி, காற்றோட்டம் ஆகியவற்றில் போடும் பணம் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் மலிவு.

எச்சமுள்ள பாலைக் காய்ச்சினால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. வீட்டு அடுப்பின் கொதிநிலை மேக்ரோலைடை முழுக்க அழிப்பதில்லை. எச்சம் கூடுதலாக இருந்தால் தயிர் உறையாது, ஏனென்றால் உறைமோரில் இருப்பவையும் பாக்டீரியாக்கள்தான். ஆனால் தயிர் உறைந்துவிட்டது என்பதால் எச்சம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

போடுபவருக்கும், பக்கத்தில் நிற்கும் பிராணிக்கும்

டில்மிகோசின் ஊசி தனிக் கவனம் வேண்டுவது. ஒரு மில்லியில் 300 மி.கி. அடங்கிய அடர் கரைசல் அது. மாட்டுக்குத் தோலடியில் போடும்போது மாடு திமிறி, ஊசி போடுபவரின் உடலில் குத்திக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. மருந்து இதயத் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அதன் துடிப்பு வலுவைக் குறைக்கிறது. முறிமருந்து கிடையாது. தானாக இயங்கும் சிரிஞ்சில் இதை ஏற்றக் கூடாது என்று லேபிளே எச்சரிக்கிறது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர் தன் கையால் போட வேண்டும் என்று விதித்தார்கள். பன்றிக்கு இதை ஊசியாகப் போட்டால் சாகும். அதே மருந்தைப் பன்றித் தீவனத்தில் கலந்து கொடுக்க அனுமதி உண்டு. வெள்ளாட்டுக்கும் குதிரைக்கும் இந்த ஊசி ஆகாது.

குதிரைகளில் இன்னொரு விசித்திரம். குட்டிகளுக்கு ரோடோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் நுரையீரல் சீழ்க்கட்டிக்கு எரித்ரோமைசினையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுப்பார்கள். குட்டி தாங்கிக்கொள்ளும். ஆனால் குட்டியின் வாயையோ சாணத்தையோ நக்கிய தாய்க்குதிரைக்கு அந்தச் சிறு அளவே குடலின் நல்ல கிருமிகளைக் குலைத்து உயிர்போக்கும் கழிச்சலை உண்டாக்கியது சுவீடனில் கண்டறியப்பட்டது. முயலுக்கும் கினிப்பன்றிக்கும் வாய்வழி மேக்ரோலைடு இதேபோல் கொல்லும். பின்குடலில் நார்ச்சத்தை நொதிக்கவைத்து வாழும் பிராணிகளுக்கு இந்தக் குடும்பம் பொதுவாகப் பகை.

எதிர்ப்பு: டென்மார்க் பன்றிகள் சொன்னது

டைலோசினைச் சுரக்கும் மண் நுண்ணுயிர் தன் விஷத்துக்குத் தானே பலியாகாமல் இருப்பது எப்படி? தன் ரைபோசோமில் மருந்து உட்காரும் இடத்தில் ஒரு சிறு மெத்தில் குழுவை ஒட்டிவைத்துக்கொள்கிறது. அப்புறம் மருந்து அங்கே பொருந்தாது. நோய்க்கிருமிகளிடம் இருக்கும் 'எர்ம்' என்ற மரபணுக்கள் செய்வதும் இதே வேலைதான். மருந்துக்கு முன்பே மாற்று பிறந்துவிட்டது.

எர்ம் வந்த கிருமிக்கு டைலோசின் மட்டுமல்ல, அசித்ரோமைசினும் பலிக்காது. அதே இடத்தில் உட்காரும் லின்கோமைசின், கிளிண்டாமைசின் போன்ற வேறு குடும்பத்து மருந்துகளும் சேர்ந்து வீணாகும். டைலோசினை மனிதருக்குக் கொடுப்பதில்லையே, அதனால் என்ன கேடு என்ற வாதம் இங்கே உடைகிறது.

வளர்ச்சியூட்டியாக, அதாவது நோய் இல்லாமலே எடை கூடுவதற்காக, டைலோசினைத் தீவனத்தில் சிறு அளவில் கலக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்ற வேறொரு வளர்ச்சியூட்டியைத் தடை செய்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, மனிதர்களின் கடைசிப் பிடியான வான்கோமைசினுக்கு எதிர்ப்பு வளர்கிறது என்பது காரணம். தடைக்குப்பின் கோழிகளின் குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் கிருமியில் அந்த எதிர்ப்பு மளமளவென்று குறைந்தது. பன்றிகளில் அசையவே இல்லை.

ஏன் என்று தேடியபோது விடை டைலோசினில் இருந்தது. பன்றிகளின் கிருமியில் வான்கோமைசின் எதிர்ப்பு மரபணுவும் எர்ம் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் (கிருமிகள் ஒன்றுக்கொன்று கடத்திக்கொள்ளும் தனி டி.என்.ஏ. துண்டு) அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. பன்றிக்குத் தினமும் டைலோசின் போய்க்கொண்டிருந்ததால் எர்ம் வைத்திருந்த கிருமிதான் பிழைத்தது. அதன் முதுகில் ஏறி மற்றதும் பிழைத்தது. 1998இல் தொடங்கி டென்மார்க் பன்றித் தீவனத்திலிருந்து டைலோசின் விலக்கப்பட்டது. 90 சதவீதத்தை ஒட்டியிருந்த மேக்ரோலைடு எதிர்ப்பு 2000க்குள் பாதிக்கும் கீழே வந்தது; வான்கோமைசின் எதிர்ப்பும் அப்போதுதான் இறங்கியது. ஒரு மருந்தை நிறுத்தினால் வேறொரு மருந்து பிழைக்கும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய நிகழ்வுகள் குறைவு.

மனித மருத்துவத்துக்கு எது ஆபத்து?

நேரடித் தொடர்பு கேம்பைலோபாக்டர் என்ற கிருமியில் இருக்கிறது. கோழி, பன்றியின் குடலில் அமைதியாக வாழும், சரியாக வேகாத இறைச்சி வழியாக மனிதரிடம் வந்து கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றினால் கொடுக்கும் முதன்மை மருந்து அசித்ரோமைசின்.

உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மேக்ரோலைடுகளை 'மிக உயர் முன்னுரிமையுள்ள' இன்றியமையா மருந்துகளில் வைத்திருந்தது. 2024 பட்டியலில் ஒரு படி இறக்கி 'இன்றியமையாதவை' பிரிவில் வைத்திருக்கிறது. இதை "இனி தாராளமாகக் கொடுக்கலாம்" என்று படிப்பது தவறு. செபலோஸ்போரின், குயினோலோன், கொலிஸ்டின் போன்றவற்றைக் காப்பது அதைவிட அவசரம் என்பதே செய்தி. ஐரோப்பிய மருந்து முகமை மேக்ரோலைடுகளை நான்கு படிகளில் மூன்றாவதான 'எச்சரிக்கை'யில் வைத்திருக்கிறது: அதைவிட எளிய மருந்து வேலைக்கு ஆகாதபோது மட்டும் எடுக்க வேண்டும்.

சட்டம் மாறியது, தொட்டி மாறியதா?

ஐரோப்பிய ஒன்றியம் டைலோசின், ஸ்பைராமைசின் உள்ளிட்ட நான்கு வளர்ச்சியூட்டிகளை 1999 ஜூலையிலும், மீதமிருந்த ஆன்டிபயாட்டிக் வளர்ச்சியூட்டிகளை 2006 ஜனவரியிலும் நிறுத்தியது. 2022 ஜனவரி முதல் நோய் வராமல் தடுப்பதற்கென்று மந்தை முழுவதற்கும் கொடுப்பதும் அங்கே கூடாது.

அமெரிக்கா 2017 ஜனவரியில் வளர்ச்சியூட்டிப் பயன்பாட்டை முடித்துவைத்தது. தீவனத்தில் கலக்க மருத்துவரின் ஆணை வேண்டும் என்றது. ஆனால் தானியத் தீவனத்தில் கொழுக்கவைக்கும் மாடுகளின் கல்லீரலில் சீழ்க்கட்டி வராமல் இருக்க டைலோசின் கலப்பது அங்கே அனுமதிக்கப்பட்ட 'நோய்த் தடுப்பு'. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 90 மி.கி. வீதம், மாதக்கணக்கில். சீழ்க்கட்டிக்கு மூலகாரணம் அளவுக்கு மீறித் தானியம் தின்று வயிற்றின் அமிலம் கூடுவது. தானியத்தைக் குறைத்து நார்த்தீவனத்தைக் கூட்டினால் கட்டியும் குறையும், எடை ஏறும் வேகமும் குறையும். வளர்ச்சிக்கு என்று எழுதியிருந்த சீட்டில் இப்போது கல்லீரலுக்கு என்று எழுதியிருக்கிறது. தொட்டியில் வாய்வைக்கும் மாட்டின் குடல் கிருமிக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை.